இருநூற்றுப் பதினோராவது வரி

கோயம்புத்தூரில் கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஆட்கள் நாலு நாள் முட்டிமோதியும் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறி கேள்விக்குறியாகவும் மட்டுமே பல்லைக் காட்டிய கோப்பு, நம்பர் காலனியின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த வியாழக்கிழமை காலையில், தொட்டவர்கள் போனிலெல்லாம் மறுபேச்சில்லாமல் திறந்துகொண்டது. போனில் மட்டுமா? பால் சொசைட்டியில் கொழுப்பு பார்க்கிற மெஷினின் சின்னத் திரையில் நாலு நாலு பெயராக ஊர்ந்தது. பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் பளிச்சென்று விரிந்தது. ஒன்பதரை மணி டவுன் பஸ்ஸின் கண்டக்டர், சார்ஜ் தீர்ந்த டிக்கெட் மெஷினை டீக்கடையில் யாருடைய வயரிலோ சொருகிவிட்டு ஒரு வடையைத் தின்று முடிப்பதற்குள், அது தானாக முனகிக்கொண்டு அறுபது அடி நீளத்துக்குப் பேர் பேராகச் சுருளைக் கக்கியது. யாரும் ஆச்சரியப்படவில்லை. வெளியூரில் மக்கர் பண்ணுகிற சாமான் சொந்த ஊரில் வேலை செய்வது நடக்கிறதுதானே என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கோப்பை அடித்தவள் வசந்தாமணி. முப்பது வருஷத்துக்கு முன்னால் அணை கட்டினார்கள். தோட்டமும் கிணறும் கோயிலும் தண்ணீருக்குள் போயின. கரையேறிய இருநூற்றுப் பதினொரு குடும்பத்துக்கும் வரிசையாக வீடு கட்டி, சுவரில் தாரால் நம்பர் எழுதிக் குடியேற்றினார்கள். அன்றைக்கு ஊரில் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியிருந்த ஒரே பெண் அவள்தான், வயது இருபத்தொன்று. அணை ஆபீசில், 'நிறைமதி' என்ற, இப்போது எவருக்கும் பெயர்கூடத் தெரியாத தமிழ் எழுத்து மென்பொருளில், பச்சை எழுத்து மினுக்குகிற கம்ப்யூட்டரில், குடும்பத் தலைவர் பெயர்களை வீட்டு நம்பர் வரிசையில் அவள்தான் அடித்துக் கொடுத்தாள். இப்போது ஐம்பத்தொன்று. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் கடைசி வீடு, நம்பர் 211, அப்பா குப்பணன் பேரில் ஒதுக்கியது. அப்பாவும் இல்லை, புருஷனும் இல்லை. ஒரே மகள் நிரஞ்சனாவைச் சித்திரையில்தான் முப்பத்தாறாம் நம்பர் வீட்டுக்கு, காலனிச் சங்கத் தலைவர் கிட்டுச்சாமியின் மகனுக்கு, கட்டிக்கொடுத்து, ரேஷன் கார்டிலும் பேரை அங்கே மாற்றிவிட்டிருந்தாள்.

முப்பது வருஷம் கழித்து இப்போதுதான் பட்டா கொடுக்கிறோம் என்று அரசாங்கம் சொன்னது. அந்தப் பழைய பட்டியலில் பேர் இருந்தால் பட்டா. பட்டியலைத் தேடித் தாலுகா ஆபீஸ் பீரோவைத் திறந்தால் உள்ளே கரையான் புற்று மட்டும் நிமிர்ந்து நின்றது. அப்புறம்தான் வசந்தாமணியின் சாமி அலமாரியில், கற்பூர டப்பாவுக்கு அடியில் கிடந்த, அந்தப் பட்டியலை அடித்த பிளாப்பிக்கு மவுசு வந்தது. அதைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், திறக்க முடியாமல் நகல் மட்டும் எடுத்துவந்து, யாராவது திறந்து பாருங்கள் என்று கிட்டுச்சாமி குழுவில் போட்டதுதான் வியாழக்கிழமைச் சங்கதி.

எல்லார் போனிலும் திறந்தது. எல்லாரும் எண்ணிப் பார்த்தார்கள். ஏழு தாள், தாளுக்கு முப்பது வரி, மொத்தம் இருநூற்றுப் பத்துப் பேர். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எல்லாருக்கும் திருப்தி. மதியச் சோற்றுக்காக ஒவ்வொருவராகப் போனை மூடி வைத்தபோதுதான் தெருவில் கூச்சல் கிளம்பியது. எண்பத்தெட்டாம் நம்பர் செல்லக்குட்டி பால் கேனும் கையுமாகச் சொசைட்டி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அங்கேயேதான் நின்றாளாம். செயலாளரை வாங்க என்று கூப்பிட்டாளாம், சட்டையைப் பிடித்து இழுத்தாளாம், அவர் ஈ ஓட்டுவதுபோலக் கையை உதறினாராம், பால் திரிந்துபோனதாம். பதினேழாம் நம்பர்க்காரருக்குப் பெண்டாட்டி சோறு போடவில்லை. அவள் பேர் இன்னும் அறுபத்திரண்டாம் நம்பர் அண்ணன் வீட்டு ரேஷன் கார்டிலேயே இருந்தது, புருஷன் என்று ஒருத்தன் இருந்ததே அவளுக்கு மூன்று மணி நேரம் ஞாபகமில்லை.

ஒரு வாரத்தில் காலனி கணக்கைப் பிடித்துவிட்டது. எந்தக் கருவியில் திறந்தாலும் ஒரு வீடு விட்டுப்போகும். கிட்டுச்சாமி போனில் திறந்தால் எண்பத்தெட்டு, பால் மெஷினில் திறந்தால் பதினேழு, பள்ளிக்கூடத் திரையில் திறந்தால் நூற்றிரண்டு; கருவிக்கு ஒரு வீடு, மாறாது. திறந்திருக்கும்வரை அந்த வீட்டு ஆட்களை ஊர் பார்க்காது, கேட்காது, அப்படி ஒருத்தர் இருந்ததே நினைவிருக்காது. ஆகவே குறை தெரியாது, பட்டியல் முழுசாகத்தான் தோன்றும். மூடினால் எல்லாரும் அந்தந்த இடத்தில் தொண்டை கட்டிப்போய் நிற்பார்கள். தாளில் அச்சாகிவிட்டால் தாள் இருக்கிறவரைக்கும் அதே கதை. அந்த டிக்கெட் சுருளை டீக்கடைக்காரர் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். ரெண்டு நாள் கழித்து போண்டா மடிக்க அதைக் கிழித்தபோதுதான், நூற்றி நாற்பதாம் நம்பர் ரங்கப்பன், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர், தன் கடை வாசலில் முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

மாதாமாதம் கரண்ட் நிறுத்துகிறார்கள், அதற்கு என்ன செய்கிறோம், முன்கூட்டியே மாவாட்டி வைத்துக்கொள்கிறோம், இதுவும் அப்படித்தான் என்று காலனி ஏற்றுக்கொண்டது. கரண்ட் கட்டைப்போல இதற்கும் 'கட்டு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். "செவ்வாக்கெழம எங்கூடு கட்டுங்க, பாலை நீங்க ஊத்திருங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைப்பார்கள். சங்கத்துப் பலகையில் சாக்பீஸால் அறிவிப்பு எழுதினார்கள்: நாளை பத்து முதல் பன்னிரண்டு வரை சரிபார்ப்பு, வீட்டு எண் 54, சிரமத்துக்கு வருந்துகிறோம். எந்தக் கருவிக்கு எந்த வீடு என்று கிட்டுச்சாமி ஒரு நோட்டில் எழுதி வந்தார்.

அப்புறம் மனுஷ புத்தி வேலை செய்தது. நோட்டைக் காசு கொடுக்காமலே ஆளாளுக்குப் படம் பிடித்துக்கொண்டார்கள். மாரியம்மன் நோம்பியில் பந்தி நடக்கும்போது ஒருத்தி, தனக்கு ஆகாத ஓரகத்தியின் வீடு விட்டுப்போகிற போனை இரவல் வாங்கித் திறந்து வைத்தாள். ஓரகத்தி இலை முன்னால் உட்கார்ந்தே இருந்தாள், பரிமாறுகிறவர்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஆனால் திறந்தவளுக்கும் யாரைப் பழி வாங்குகிறோம் என்று அப்போது ஞாபகமில்லாததால், பழி தீர்த்த சுகம் போனை மூடி, ஓரகத்தியின் காய்ந்த இலையைப் பார்த்த பிறகுதான் கிடைத்தது. பெண் பார்க்க வந்த அன்று இருமுகிற அப்பனை ஒருத்தன் கட்டுப் பண்ணினான். அப்பனும் மகனும் ஒரே பட்டியல் வரி என்பதை மறந்துவிட்டான். பெண் வீட்டார் காலியான ஆசாரக் கூடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். காலனி ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அந்த நோட்டில் எந்தக் கருவிக்கும் எதிரே வராத நம்பர்கள் கொஞ்சம் இருந்தன. அதில் ஒன்று 211. வசந்தாமணிக்கு அதில் உள்ளுக்குள் ஒரு கெத்து. டைப் அடித்த கைக்குக் கோப்பு காட்டுகிற மரியாதை என்றே நினைத்துக்கொண்டாள்.

பட்டியலை மாசக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்று தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனதும், சங்கக் கட்டிடத்தில் கூட்டம் போட்டார்கள். விட்டுப்போன பேரைக் கையால் எழுதிக் கொடுத்தால் ஆகாதா என்று முதலில் கேட்டுப் பார்த்தாயிற்று. வேறொரு காலனியில் நாற்பது போலிப் பேரைக் கையால் எழுதிச் சேர்த்துவிட்டார்களாம், ஆகவே பேனா பட்ட தாளே செல்லாது. போனில் திருத்தலாம் என்றால் கோப்பு ஓர் எழுத்தைக்கூட ஏற்கவில்லை. ஆக, யாராவது ஒருத்தர் போயாக வேண்டும். கிட்டுச்சாமி நோட்டை விரித்து ஒவ்வொரு நம்பராக வாசித்தார். எண்பத்தெட்டா, அவளுக்கு நாலு பங்காளி, எழுந்து நின்றார்கள். பதினேழா, அவர் சங்கத்துப் பொருளாளர். ஐம்பத்துநாலுக்கு ரெண்டு போலீஸ்கார மருமகன்கள். வாசித்துக்கொண்டே வந்து, டிக்கெட் மெஷின், நூற்றி நாற்பது, என்றபோது யாரும் எழுந்திருக்கவில்லை. கூட்டம் பெருமூச்சு விட்டது.

ரங்கப்பனுக்கு முன்னும் பின்னும் யாருமில்லை. அணைத் தண்ணீர் ஏறிய வருஷமே பெண்டாட்டி காய்ச்சலில் போய்விட்டாள். அவரிடம் போய்ப் பதமாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், வசந்தாமணிதான் நாலு எழுத்துப் படித்தவள், நயமாகப் பேசுவாள் என்று அவளை அனுப்பினார்கள். அவளும் மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம். புதுச் சம்பந்தி கேட்கிறார், மகளின் மாமனார் கேட்கிறார் என்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

ரங்கப்பன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மிணி, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா" என்று ஆரம்பித்தாள் அவள். "உங்களுக்குத் தெரியாததா. ஒண்டி ஆளு. பட்டா வந்தாலும் ஆருக்குக் குடுக்கப் போறீங்க? மத்தவங்களுக்குப் புள்ள குட்டி இருக்குதுங்க. நீங்க ஒருத்தர் மனசு வெச்சா இருநூத்திப்பத்துக் குடும்பமும் உங்களக் கையெடுத்துக் கும்புடுமுங்க."

அவர் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. "என்ற நெனப்பே ஆருக்கும் இருக்காதேங்கம்மிணி. அப்பறம் ஆரக் கும்புடுவாங்க?"

"அதெல்லாம் கும்புடுவாங்கண்ணா."

"அந்த ரெண்டு நாளும் இங்கதான் உக்காந்திருந்தனுங்க" என்றார் அவர். "பஞ்சர் வண்டியத் தள்ளிக்கிட்டு வாராங்க, என்றகிட்ட வந்து நிக்கறாங்க, இங்க ஒரு கடை இருந்தா நல்லாருக்குமேன்னு பேசிக்கறாங்க. நான் இங்க இருக்கறனுங்க இங்க இருக்கறனுங்கன்னு கத்தறன். எனக்குப் பட்டா வேண்டாமுங்க. அன்னாடம் நாலு பேரு வந்து பேசிட்டுப் போறாங்களே, அதுக்கு மட்டும் என்னத் தெரியோணும்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பேப்பர் இருக்கற வரைக்குந்தானுங்கண்ணா. வெசனப்படாதீங்க. கரையான் வராமயா போகும்?" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். வந்து, அவர் சம்மதித்துவிட்டார் என்று கூட்டத்தில் சொன்னாள்.

டிக்கெட் சுருளைப் புதிதாக அச்சடித்து மூங்கில் குச்சியில் சுற்றித் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். அதிகாரியம்மாள் ஒரு முழம் பிரித்துப் பார்த்துவிட்டு மேஜைக்கு வெளியே தள்ளினார். "பழைய பட்டியல் ரெண்டு ஓரமும் ஓட்டை வைத்த தொடர்தாளில், நிறைமதி எழுத்தில், ஏழு தாளாக இருந்தது என்று பதிவேட்டில் இருக்கிறது. அதே மாதிரி வேண்டும். இது பஸ் டிக்கெட்." சுருளைத் திரும்ப எடுத்துவந்து அடுப்பில் போட்டார்கள். ரங்கப்பன் கடை வாசலில் தெரிந்தார்.

ஆனாலும் யாரும் கலங்கவில்லை. அந்தப் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதே. அணை ஆபீஸை மூடியபோது கழித்துக்கட்டியதை வசந்தாமணியின் அப்பா தூக்கிவந்து வீட்டு அட்டாலிப் பரணில் ஏற்றி வைத்திருந்தார். பிரிண்டரும், பழுப்பேறிய தொடர்தாள் கட்டும் அதோடு இருந்தன. அது ஒருவேளை முழுப் பட்டியலையும் காட்டும் என்று சிலர் நம்பினார்கள். வசந்தாமணி நம்பவில்லை. அன்றைக்கே ஏதோ ஒரு பேரை எடுத்துவிட்டோம் என்று அவளுக்கு மங்கலாக ஞாபகம். அச்சடித்த படிவம் ஏழுதான் இருந்தது, தாளுக்கு முப்பது வரிக்கு மேல் போகாது, ஒரு பேர் மிஞ்சியது, எதையாவது பண்ணிச் சரிக்கட்டு என்று ஆபீசர் எரிந்து விழுந்தார், எடுத்தாள். யாரை? ரங்கப்பனாகத்தான் இருக்கும் என்று இந்த ஒரு வாரத்தில் அவளே முடிவு பண்ணியிருந்தாள். அப்படி இருந்தால் பாவம் தன் தலையில் புதிதாக ஏறாது, பழையதுதான் என்று ஒரு நிம்மதி.

கம்ப்யூட்டரைத் துடைத்துச் சங்கக் கட்டிடத்து மேஜையில் வைத்தார்கள். காலனி முழுக்க வந்து நின்றது. நிரஞ்சனா மாமியார் பக்கத்தில் நின்றாள். ரங்கப்பனும் வந்து கதவோரம் நின்றார். வசந்தாமணி விரல் பழக்கத்தில் கட்டளையை அடித்தாள். பச்சை எழுத்து வரி வரியாக இறங்கியது.

கிட்டுச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார். நூற்றி நாற்பது, ரங்கப்பன், என்று வந்தபோது கதவோரத்தில் ஒரு கேவல் கேட்டது. ஏழாம் தாள் முடிந்தது. "எல்லாஞ் சரியா இருக்குதுங்க" என்றார் அவர். "இருநூத்திப்பத்து ஊடும் இருக்குது, ஒண்ணும் உட்டுப்போகல." கூட்டம் கைதட்டியது.

"நில்லுங்க சம்பந்தி, ஒண்ணு கொறையுதுங்க" என்றாள் வசந்தாமணி. அவர் காதில் விழவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள், "இத ஆரு அட்டாலியிலிருந்து எறக்குனது?" "கவர்ன்மென்ட்ல குடுத்திருப்பாங்க" என்று பேசிக்கொண்டார்கள். அவள் எழுந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். நிரஞ்சனா தன் தோளைப் பார்த்தாள், பல்லி விழுந்ததுபோல ஒருதரம் தட்டிவிட்டுக்கொண்டாள், மாமியாரிடம் பேச்சைத் தொடர்ந்தாள்.

அப்போது வசந்தாமணிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. இருபத்தொரு வயதில், ஆபீசர் கத்திவிட்டுப் போன பிறகு, பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே இருந்தது, எந்தப் பேரில் விரல் வைத்தாலும் அந்த முகம் எதிரே வந்து நின்றது, அழுகை வந்தது, கடைசியில் நம்ம பேரைத்தானே எடுக்கலாம், நாம்தான் ஆபீசிலேயே உட்கார்ந்திருக்கிறோமே, அச்சடித்ததும் அடியில் பேனாவால் எழுதிவிட்டால் ஆயிற்று என்று அப்பா பேரை அழித்தது, எழுதியது, யாரிடமும் சொல்லாமல் விட்டது. பேனாவால் எழுதியதைக் கரையான் தின்றுவிட்டது. வாழ்க்கையில் அவள் செய்த ஒரே சுத்தமான நல்ல காரியம் அதுதான், அதையும் மறந்து போயிருந்தாள்.

ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தாள். கூட்டம் அவளைப் பார்த்தது. "எங்கீங்க போயிருந்தீங்க சம்பந்தி?" என்று கேட்ட கிட்டுச்சாமி, வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்து, "உட்டுப்போன ஊடு எதுங்க, கை தூக்குங்க" என்றார். ஒருத்தரும் தூக்கவில்லை. நானில்லைங்க, நானில்லைங்க என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.

கொஞ்ச நேரம் எல்லாரும் தரையில் கிடந்த வயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவாவது காலனியை மெச்ச வேண்டும்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி" என்றார் கிட்டுச்சாமி. "உங்களுக்குத் தெரியாததா. ஒண்டி ஆளு ஆயிட்டீங்க. பொண்ணையும் நல்ல எடத்துல கட்டிக்குடுத்தாச்சு. இனிப் பட்டா வந்தாலும் ஆருக்குக் குடுக்கப் போறீங்க? நீங்க மனசு வெச்சா இருநூத்திப்பத்துக் குடும்பமும் உங்களக் கையெடுத்துக் கும்புடுமுங்க."

தன் வார்த்தைகள் ஒன்றுகூடச் சிந்தாமல் திரும்பி வந்ததை அவள் கேட்டாள். "நான் பிரிண்ட் எடுக்கமாட்டேன்னா?"

"எடுக்காட்டி ஆருக்கும் பட்டா இல்லீங்க. அதுல உங்க பொண்ணூடும் ஒண்ணுங்க."

அவள் கதவோரம் திரும்பிப் பார்த்தாள். ரங்கப்பன், விரலில் ஒட்டியிருந்த பஞ்சர் பசையைத் தேய்த்து உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "வெசனப்படாதீங்கம்மிணி" என்றார். "பேப்பர் இருக்கற வரைக்குந்தானுங்க."

கம்ப்யூட்டரை அவள் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தார்கள், புதன்கிழமை காலையில் அச்சடிப்பது என்று முடிவு. செவ்வாய்க்கிழமை மதியம் நிரஞ்சனா குட்டியானை லோடு வண்டியோடு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், மூக்கைச் சிந்தினாள், அப்புறம் உள்ளே நடந்து பார்த்துவிட்டு, "கிரைண்டர இன்னைக்கே எடுத்துக்கட்டுமாம்மா?" என்றாள். "பீரோவும். அப்பறம் எனக்கு வழி தெரியாதுல்ல."

"எடுத்துக்க கண்ணு" என்றாள் வசந்தாமணி. தானே ஒரு பக்கம் பிடித்துக் கிரைண்டரை வண்டியில் ஏற்றிவிட்டாள். அது இருந்த இடத்தில் தரையில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம் மிஞ்சியது.

புதன்கிழமை காலையில் கூட்டம் வாசலில் நின்றுகொண்டது. உள்ளே மகள் மட்டும் வந்தாள். நிரஞ்சனா சமையலறையில் காபி போடப் போனாள். வசந்தாமணி கோப்பைத் திறக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன்தானே திருத்தத்தை ஏற்காது. இது அவள் விரல் பழகிய இயந்திரம், இதில் அழித்தவளும் அவள்தான். திறந்தாள், ஏழாம் தாளின் கடைசி வரிக்கு வந்தாள், 211, குப்பணன், என்று அடித்தாள். ஏற்றுக்கொண்டது. வரிகள் ஒருமுறை குலுங்கி மேலே நகர்ந்தன, எங்கேயோ ஒன்று விழுந்து இடம் விட்டது.

அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. பட்டியல் நிறைவாக இருந்தது. தன் பேர் இருந்தது, எல்லார் பேரும் இருந்தது. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று பிரிண்டரைப் போட்டுத் தாளைப் பொருத்தினாள். அச்சடிக்கிற பொத்தானில் விரலை வைத்தபோது மேஜையில் ஆவி பறக்க ஒரு டம்ளர் காபி இருப்பதைப் பார்த்தாள். யார் வைத்தது? அவள் புருஷன் போய் நாலு வருஷம், பிள்ளை குட்டி கிடையாது, ஒண்டிக்கட்டை. எடுத்து ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை அரைக் கரண்டிதான். அவள் குடிக்கிற பதம். அவள் பதம் தெரிந்த யாரோ ஒருத்தர்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். தரையில் வட்டமாக வெள்ளைத் தடம். சுவரில் சட்டம் போட்ட ஒரு கல்யாணப் போட்டோ, அதில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவள் நிற்கிறாள், ஒரு கையை யாருமில்லாத இடத்தில், ஒரு தோள் உயரத்தில், வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பொத்தானை அமுக்கிவிட்டால் எல்லாம் முடிந்துபோகும், யாரென்று தெரியாத ஒருத்திக்காக வருத்தப்படவும் வழியிருக்காது. அமுக்கத்தான் நினைத்தாள். ஆனால் போன வாரம் தோளைப் பிடித்து உலுக்கியவள் அவள். அதனால் இந்த அறையில், இப்போது, தன் காதோரத்தில் யாரோ ஒருத்தி கத்திக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்தது. கடைசி வரியை அழித்தாள்.

"எங்கூட்டையா எடுத்தே?" நிரஞ்சனா எதிரில் நின்றாள், கத்திக் கத்திக் குரல் போயிருந்தது, முகமெல்லாம் கண்ணீர். "கூப்படக் கூப்படத் திரும்பலியேம்மா. பெத்த புள்ளையத் தூக்கிட்டு உன்ற பேரப் போட்டுக்குவியா?"

"தெரியாமக் கண்ணு. இன்னொருக்கா பாக்கறன், வேற எடத்துல போட்டு..." வேறு வரியில் போட்டுப் பார்த்தாள், மூன்றாம் தாளில், முதல் தாளில். ஒவ்வொரு தடவையும் சொந்தமென்று யாருமில்லாத லேசான மனசோடு ஒரு டம்ளர் காபியைப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் அழித்தாள். விழுந்தது முப்பத்தாறு மட்டும்தான். மூன்றாவது தடவை அழித்து நிமிர்ந்தபோது மகள் வீட்டுக்குள் இல்லை, வாசலுக்குப் போய் மாமனாருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

வசந்தாமணி பொத்தானை அமுக்கினாள். பிரிண்டர் கரகரவென்று ஏழு தாளையும் துப்பி முடித்தது. வாசலில் நின்ற கூட்டம் உள்ளே வந்து தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போயிற்று. காலில் ஏதோ தட்டுப்பட்டதுபோல ஒருவர் மட்டும் ஒரு கணம் நின்று கீழே பார்த்தார்.

தாலுகா ஆபீசில் முத்திரை குத்தினார்கள். போனதடவை மாதிரி ஆகிவிடக் கூடாதென்று கிட்டுச்சாமி சொந்தச் செலவில் ஏழு தாளுக்கும் லேமினேஷன் போட்டுக் கொடுத்தார். கரையான் என்ன, இனித் தண்ணீரில் ஊறினாலும் ஒன்றும் ஆகாது என்று அதிகாரியம்மாள் பாராட்டினார். தை மாதம் பந்தல் போட்டு, மைக் வைத்து, இருநூற்றுப் பத்து வீட்டுக்கும் பட்டா கொடுத்தார்கள். இந்தப் பட்டியலை அந்தக் காலத்தில் அடித்தது யார் என்று பந்தலில் யாரோ கேட்டதற்கு, கவர்ன்மென்ட்தான் என்று பதில் வந்தது. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில், பேர் வராமல், யாரும் குடிவராமல் முப்பது வருஷமாகச் சும்மா கிடந்த வீட்டை இடித்துப் பால் சொசைட்டிக்குப் புதுக் கட்டிடம் கட்டலாம் என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள். முதலில் கை தூக்கியவர் ரங்கப்பன்.

ஜேசிபி வெளியூரிலிருந்து வந்தது. ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "அடுப்பு சூடா இருக்குதுங்க. ஆளு இருக்காப்பல தெரியுது."

"காலியூடுங்க" என்றார் கிட்டுச்சாமி. "ஆடு மேய்க்கறவங்க ஆராச்சும் வந்து தங்கியிருப்பாங்க. நீங்க இடிங்க."

இரும்புக் கை மேலே போய் ரெண்டு தடவை தயங்கியது. மூன்றாவது தடவை இறங்கியது. பதினொரு மணிக்குள் வேலை முடிந்துவிட்டது.

முப்பத்தாறாம் நம்பர் வீட்டிலிருந்து நிரஞ்சனா தூக்குப்போசியில் காபி கொண்டுவந்தாள். வேலையாட்கள் நாலு பேர், மாமனார் ஒருத்தர், ஆக ஐந்து. எப்படியோ ஆறு டம்ளர் ஊற்றி வைத்திருந்தாள். எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுநர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல சக்கரையே இல்லீங்கக்கா" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சமிருந்த ஆறாவதை எடுத்துக்கொண்டார். நிரஞ்சனா அதை வாங்கிக் குடித்துப் பார்த்தாள். அரைக் கரண்டிதான் போட்டிருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் இப்படிக் குடிப்பதில்லையே, கை எந்த ஞாபகத்தில் போட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு, இடிந்த சுவர் ஓரமாக அதைக் கொட்டினாள். தொட்டித் தண்ணீரில் டம்ளர்களைக் கழுவிப் போசியில் போட்டுக்கொண்டு, மாவாட்ட நேரமாகிவிட்டது என்று வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.